உடும்பு தின்றால் உடும்பு குறையுமா?

ஒருவர் கேட்டிருந்த கேள்வி: "ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பழங்குடிப் பெண்கள் புல்லுக்குத் தீ வைத்து, வளையைத் தோண்டி உடும்பைப் பிடித்து, சாம்பலில் சுட்டுத் தின்னும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். காட்டையும் கொளுத்தி, இருக்கிற உடும்பையும் தின்றுவிட்டால் அந்த இனம் மிஞ்சுமா? நம் ஊரில் உடும்பைத் தொட்டாலே ஜெயில். அங்கே மட்டும் எப்படி விடுகிறார்கள்?"

முதல் பாதிக்குப் பதில், கேட்பதற்குக் கொஞ்சம் விபரீதமாக இருக்கும்: அந்தப் பாலைவனத்தில் எங்கே அதிகம் வேட்டை நடக்கிறதோ அங்கேதான் உடும்பும் அதிகம். இரண்டாவது பாதி சட்டம் சம்பந்தப்பட்டது. அதற்கு ஒரு முதலைக் கதை சொல்ல வேண்டும். முதலில் உடும்பு.

தீ வைத்து உடும்பு பிடிப்பது என்றதும் நினைவுக்கு வருபவர்கள் மார்ட்டு மக்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், பர்ன்குர், புன்மு, குனவாரிட்ஜி என்ற சிறு ஊர்களில் இருக்கிறார்கள். செம்மணல் மேடுகள், அவற்றுக்கு நடுவே ஸ்பினிஃபெக்ஸ் என்று அவர்கள் ஊரில் சொல்லும் முள்ளுப் புல்லின் குத்துகள், அவ்வளவுதான் நிலம். (ஒரு வேடிக்கை: தாவரவியல்படி உண்மையான ஸ்பினிஃபெக்ஸ் நம் கடற்கரை மணலில் உருண்டு ஓடுகிற இராவணன் மீசைதான். ஆஸ்திரேலியப் பாலைவனப் புல் ட்ரையோடியா என்ற வேறு இனம். குத்துவதில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.)

அவர்கள் பிடிப்பது மணல் உடும்பு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'கோவானா' என்பார்கள். இகுவானா என்ற பெயர் வெள்ளைக்காரக் குடியேறிகளின் வாயில் தேய்ந்து அப்படி ஆனது. ஆனால் இகுவானாவுக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. நம் உடும்பும் அதுவும் வரானஸ் என்ற ஒரே பேரினம். அதே பிளவுபட்ட நாக்கு, அதே நடை, அதே முறைப்பு. பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான் தேறும்.

வேட்டை எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் கேள்விக்குப் பதில் பிடிபடும். அங்கே மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். பாலைவனம் என்பதால் பகலில் வெயில் அடித்தாலும் இரவில் நடுக்கம். உடும்பு அந்த மாதங்களில் வளைக்குள் புகுந்து, வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு, அசையாமல் கிடக்கும். மேலே புல் மூடியிருக்கும். கண்ணால் பார்த்து வளையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதற்குத்தான் தீ. காற்றின் போக்கைப் பார்த்து முதிர்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்துவிட்டு, எரிந்து தணிந்த கருஞ்சாம்பலின் மேல் பெண்கள் நடந்துகொண்டே தேடுவார்கள். ஆமாம், உடும்பு வேட்டையில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆண்கள் கங்காரு, கானமயில் போன்றவற்றின் பின்னால் போவார்கள். அவற்றில் சில நாள் கிடைக்கும், பல நாள் வெறுங்கைதான். அடுப்புக்கு நம்பகமாக வந்து சேர்வது பெண்கள் கொண்டுவரும் உடும்பு.

சாம்பலில் வளையின் வாய் தெரிந்தவுடன் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். வளை வளைந்து வளைந்து போகும். வாயிலிருந்து தோண்டிக்கொண்டே போனால் இடுப்பு ஒடிந்துவிடும். கையில் ஒரு தோண்டுகோல் இருக்கும், 'வனா' என்பார்கள். முன்பு மரம், இப்போது பெரும்பாலும் இரும்புக் கம்பி. அதைத் தரையில் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். மண் கெட்டியாக இருக்கும் வரை கம்பி எதிர்க்கும். உள்ளே உடும்பு படுத்திருக்கும் பொந்துக்கு மேலே வந்ததும் சட்டென்று இறங்கும். அங்கே நேராகப் பள்ளம் பறித்து, வாலைப் பிடித்து இழுத்து, தலையில் ஒரே அடி. உடும்பு ஒன்றும் இளிச்சவாய் இல்லை. மண்ணின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரை இன்னொரு சுரங்கம் தோண்டி வைத்திருக்கும். இந்தப் பக்கம் கம்பி இறங்கினால் அந்தப் பக்கம் மண்ணைப் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். அனுபவசாலி முதலில் அந்தப் பின்வாசல் எங்கே என்று பார்த்து அங்கே காலை வைத்து நிற்பார்.

செங்கல்பட்டுப் பக்கம் வயல் வரப்பில் எலி வளை பார்க்கும் இருளர்களோடு ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறேன். ஒரு வளையின் வாயில் சிலந்தி நூல் இருந்தது. "இது ஆள் இல்லாத வீடு சார்" என்று சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனார் ஒரு பெரியவர். மண்வெட்டியைக் கீழே வைக்கும் முன் அவரும் சுற்றி வந்து பின்வாசலைத்தான் தேடினார். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறு பிராணி, வேறு மனிதர்கள், புத்தி ஒன்றுதான்.

பிடித்ததை மதியச் சாப்பாட்டு முகாமுக்குக் கொண்டுவந்து, தணலில் தோலைப் பொசுக்கிச் சுரண்டி, குடலை எடுத்துவிட்டு, சுடு சாம்பலுக்குள் புதைத்து வேகவைப்பார்கள். கொழுப்புக்குத்தான் கிராக்கி. அப்புறம் பங்கு. அதிகம் பிடித்தவர் அதிகம் தின்பதில்லை, அதிகம் கொடுப்பார். வெறுங்கையோடு வந்தவருக்கும் பங்கு உண்டு. இன்று முகாமுக்குப் போவது நாலு சக்கர வண்டியில், கூடவே கடையில் வாங்கிய மாவும் டீத்தூளும் இருக்கும். அதை வைத்து "இது என்ன பாரம்பரியம்?" என்று கேட்பவர்களும் உண்டு. மண்ணைப் படிப்பது வண்டி இல்லையே.

சரி, தீக்கு வருவோம். இந்தத் தீக்கள் சின்னவை. பக்கத்தில் சமீபத்தில் எரிந்த இடம் இருந்தால் அங்கே போய்த் தானாக அணைந்துவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று எரிப்பதால் நிலம் ஒட்டுத்துணி போர்வை மாதிரி ஆகிவிடுகிறது. எரிந்து எத்தனை நாளாயிற்று என்பதை வைத்து மார்ட்டுக்கள் நிலத்துக்கு வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போதுதான் எரிந்த கரித்தரை 'ஞுர்ன்மா'. மழைக்குப் பின் பச்சை துளிர்த்தால் 'வரு-வரு'. விதையும் காயும் தரும் செடிகள் நிறைந்தால் 'ஞுகுரா'. புல் மறுபடி எரியத் தக்க அளவு வளர்ந்தால் 'மங்கு'. முதிர்ந்து நடுவில் பட்டுப்போனால் 'குனர்கா'. நாம் நாற்று, தூர், கதிர், பால் என்று நெல்லுக்குச் சொல்வதைப் போல அவர்கள் நெருப்பின் வயதைச் சொல்கிறார்கள்.

ரெபெக்கா பிளீஜ் பேர்ட், டக்ளஸ் பேர்ட், பிரையன் காடிங் ஆகிய மானிடவியலாளர்கள் பர்ன்குர் மக்களோடு ஆண்டுக்கணக்கில் கூடவே நடந்து, யார் எங்கே எத்தனை பிடித்தார்கள் என்று குறித்து, செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு சொன்னது: வேட்டையும் தீயும் மிகுந்த பகுதிகளில் மணல் உடும்பின் அடர்த்தி கூடுதல். ஆள் நடமாட்டமே இல்லாமல், மின்னல் தீ மட்டும் ஆளுகிற பகுதிகளில் குறைவு. காரணம் அந்த ஒட்டுத்துணிதான். உடும்புக்கு இரை புதுத் துளிர் பக்கம், ஒளிய இடம் பழைய புல் பக்கம். இரண்டும் அருகருகே இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். மின்னல் தீ அப்படி இல்லை. எங்கும் ஒரே வயதில் முதிர்ந்து கிடக்கும் புல்லில் பிடித்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே கரி. அப்புறம் எங்கும் ஒரே புல். தின்று கழிப்பதைவிடத் தீ உண்டாக்கும் வசதியால் கூடுவது அதிகம் என்பதுதான் கணக்கு.

மார்ட்டுக்களிடம் கேட்டால் அவர்களுக்கு இது ஆய்வு முடிவே இல்லை. முன்னோர் படைத்த ஒழுங்கை அவர்கள் 'ஜுகுர்பா' என்கிறார்கள். நாம் வேட்டையாடாமல், எரிக்காமல் விட்டால் உடும்பு போய்விடும் என்பது அதில் உள்ள சேதிதான். கேட்கும்போது நமக்கு வேட்டைக்காரன் தனக்குச் சாதகமாகக் கட்டிய கதை போலத் தோன்றும். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு சந்தர்ப்பத்தைக் கொடுத்தது, கொடூரமாக.

1950-களிலும் 60-களிலும் மார்ட்டுக்கள் பாலைவனத்தை விட்டு வெளியேறினார்கள், சிலர் வெளியேற்றப்பட்டார்கள். தென் ஆஸ்திரேலியாவின் ஊமரா ஏவுதளத்திலிருந்து பிரிட்டன் ஏவிய புளூ ஸ்ட்ரீக் ராக்கெட்டுகள் விழக்கூடிய பாதையில் அவர்கள் நிலம் இருந்தது. 1964-இல் ரோந்து அதிகாரிகள் வண்டியில் வந்து தேடினார்கள். அதுவரை வெள்ளையரையே பார்த்திராத பெண்களும் குழந்தைகளும் அப்போது அங்கே இருந்தார்கள். ஜிகலாங் கிறிஸ்தவ மிஷனில் போய்ச் சேர்ந்தவர்கள் 1980-களின் நடுவில்தான் திரும்பி வந்து பர்ன்குர் போன்ற ஊர்களைக் கட்டினார்கள். அந்த இருபது ஆண்டு இடைவெளியில் யாரும் வேட்டையாடவில்லை, யாரும் எரிக்கவில்லை. 1953-இல் எடுத்த வான்படங்களில் சின்னச் சின்னத் திட்டுகளாகத் தெரிந்த நிலத்தில் அதன்பின் மின்னல் தீக்கள் பிரம்மாண்டமாகப் பரவின. பல சிறு பாலூட்டிகள் அந்த வட்டாரத்திலிருந்தே காணாமல் போயின. அதில் வெளியிலிருந்து வந்த பூனைக்கும் நரிக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒளிய இடமில்லாத எரிந்த சமவெளியில் பூனைக்கு வேலை சுலபம். மனிதக் கை படாமல் விட்டால் காடு தானே செழிக்கும் என்ற நம் நகரத்து நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை.

இதை எடுத்துக்கொண்டு வந்து "பார்த்தீர்களா, வேட்டை நல்லது" என்று எல்லா இடத்துக்கும் பொருத்தினால் அதுவும் தப்பு. அங்கே ஆள் குறைவு, நிலம் பரந்தது, பிடித்தது அன்றைக்கே வயிற்றுக்குப் போகிறது, விலை கிடையாது. இதில் கடைசி விஷயம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். அதே ஆஸ்திரேலியாவின் வடக்கில் உவர்நீர் முதலையைப் பாருங்கள். பழங்குடிகள் அதையும் அதன் முட்டையையும் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தின்று வந்தார்கள், அது இருந்துகொண்டே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தோல் வியாபாரிகள் துப்பாக்கியும் விளக்குமாக இறங்கினார்கள். 25 ஆண்டுகூட ஆகவில்லை. 1971-இல் 'நார்தர்ன் டெரிட்டரி' என்ற வட பிரதேசத்தில் தடை போட்டபோது மிஞ்சியவை சுமார் 3,000 என்பது மதிப்பீடு. தடைக்குப் பின் மீண்டு இன்று சுமார் ஒரு லட்சம். கைப்பைக்கும் செருப்புக்கும் போனதுதான் அழித்தது, கறிக்குப் போனது அல்ல.

அந்த முதலையிலிருந்தே சட்டத்துக்குப் போய்விடலாம். 1994-இன் கடைசி மாதங்களில், குயின்ஸ்லாந்தின் கார்பன்டேரியா வளைகுடாப் பகுதியில், கங்கலிடா இனத்தைச் சேர்ந்த முரண்டூ யானர் என்பவர் பாரம்பரிய ஈட்டியால் இரண்டு இளம் முதலைகளைக் குத்திப் பிடித்தார். கொஞ்சம் கறியைத் தன் கூட்டத்தாரோடு பகிர்ந்து தின்றார். மீதியையும் தோலையும் வீட்டு ஃப்ரீசரில் வைத்தார். உரிமம் இல்லாமல் வனவிலங்கு பிடித்ததாக வழக்கு. மாஜிஸ்திரேட் விடுவித்தார், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது, கடைசியில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்துக்குப் போய் 1999 அக்டோபரில் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் யானர் ஜெயித்தார்.

வாதம் சுவாரஸ்யமானது. மாநிலச் சட்டப்படி வனவிலங்கு எல்லாம் 'அரசின் சொத்து'. சொத்து அரசினுடையது என்றால் பழங்குடியின் வேட்டை உரிமை அப்போதே செத்துவிட்டது என்றது அரசுத் தரப்பு. நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. காட்டில் திரியும் முதலையை நீ உன் பசு மாதிரி வைத்திருக்கவில்லை, 'சொத்து' என்று எழுதியதற்கு அர்த்தம் அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உனக்கு இருக்கிறது என்பதுதான், என்கிற போக்கில் தீர்ப்பு போனது. அப்படியானால் பூர்வீக உரிமை உயிரோடுதான் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் பூர்வீக நில உரிமைச் சட்டம், 211-ஆம் பிரிவில், சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் சமூகத் தேவைக்கும் வேட்டையாட உரிமம் வேண்டாம் என்கிறது. விற்கக் கூடாது. அலுமினியப் படகில் மோட்டார் வைத்துப் போனாரே, அது பாரம்பரியமா என்ற கேள்வியும் எழுந்தது. உரிமை வழிவழியாக வருவது, கருவி காலத்துக்குத் தக்கபடி மாறலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இனி நம் ஊர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்குப் பக்கத்தில். குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. பழங்குடி என்றால் விதிவிலக்கு உண்டா? நிகோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு மட்டும் 65-ஆம் பிரிவில் வேட்டை உரிமை விடப்பட்டிருக்கிறது. மற்ற யாருக்கும் இல்லை. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, மேய்ச்சல், மீன் என்று பல பாரம்பரிய உரிமைகளை அங்கீகரித்துவிட்டு, வேட்டையை மட்டும் வார்த்தை போட்டு விலக்கியது.

நம்மிடம் உடும்பு தின்னும் வழக்கம் இல்லாமல் இல்லை. சங்கப் பாட்டில் எயினர் என்ற வேட்டுவர் வீட்டு விருந்தில் நாய் பிடித்து வந்த சினை உடும்பின் பொரியல் இருக்கிறது. இருளர்களின் பழைய சாப்பாட்டிலும் உடும்பு, எலி, ஈசல் எல்லாம் உண்டு. பாம்பு அவர்களுக்குத் தோல் வியாபாரத்துக்கானது. 1970-களின் நடுவில் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றதும் பிழைப்பு போயிற்று. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உரிமத்தோடு பிடித்து, சுமார் மூன்று வாரம் வைத்து, நாலு தடவை விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அவர்களில் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017-இல் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கே வேண்டாத விருந்தாளியாகப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். முதல் எட்டு நாளில் 13. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. உடும்புக் கறிக்கு மட்டும் அப்படி ஒரு மாற்றுவழி வரவில்லை.

இங்கேயும் ஆஸ்திரேலியா மாதிரி திறந்துவிடலாமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நம் உடும்புக்கு எதிரி பழங்குடியின் சட்டி அல்ல, சந்தை. உடும்புக் கறி தின்றால் ஆண்மை கூடும், எண்ணெய் தடவினால் மூட்டு வலி போகும் என்று நம்பிக் காசு கொடுக்கும் கூட்டம் பெரிது. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. வடக்கே 'ஹத்தா ஜோடி' என்று அபூர்வ வேர் ஒன்று விற்றார்கள், பூஜையில் வைத்தால் செல்வம் சேருமாம். 2017-இல் பரிசோதித்துப் பார்த்தால் அது வேரே இல்லை. ஆண் உடும்பின் இரட்டை இனப்பெருக்க உறுப்பை அறுத்துக் காயவைத்தது. இணையத்திலேயே விற்பனை நடந்துகொண்டிருந்தது. இந்தச் சந்தை இருக்கும்வரை கதவைத் திறந்தால் முதலில் நுழைவது தரகன்தான். ஆனாலும் பசிக்கு ஒன்று பிடித்தவனையும் மூட்டை கட்டி விற்றவனையும் ஒரே பிரிவில் ஒரே மாதிரி உள்ளே தள்ளுவது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஜாமீனுக்கு ஆள் கிடைப்பது யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

வேட்டை அறிவு தின்பதற்கு மட்டும்தான் உதவும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கரும்பு வண்டை ஒழிப்பதற்கென்று 1935-இல் குயின்ஸ்லாந்தில் கொண்டுவந்து விட்ட விஷத் தேரை இன்று வடக்கு ஆஸ்திரேலியா முழுக்கப் பரவிவிட்டது. அதைத் தின்று செத்துச் செத்து, மஞ்சள் புள்ளி உடும்பு என்ற பெரிய வகை பல இடங்களில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் ஜார்ஜியா வார்ட்-ஃபியர் என்ற ஆய்வாளரின் குழு ஒரு வழி பார்த்தது. பெரிய தேரைகள் வந்து சேரும் முன்பே, கொல்லாத அளவு விஷமுள்ள குட்டித் தேரை ஒன்றை உடும்புக்குக் கொடுப்பது. அது வாந்தி எடுத்து, 'இனிமேல் இந்தப் பக்கமே வேண்டாம்' என்று கற்றுக்கொள்ளும். உடும்புகளைக் கண்டுபிடிக்க பலங்காரா பழங்குடி வனக் காவலர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து அலைந்தார்கள்.

காவலர்கள் தூரத்திலிருந்தே, வெளிச்சம் மங்கின நேரத்திலும், அடர்ந்த புல்லுக்குள்ளும் உடும்பைப் பார்த்துவிடுகிறார்கள். விஞ்ஞானிகள் கண்ணில் படுவதோ வெட்டவெளியில் தைரியமாக நிற்பவை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது பாடம் ஏறியது கூச்ச சுபாவமுள்ள உடும்புகளுக்குத்தான். தேரை வந்த பிறகும் அவை பிழைத்தன. தைரியசாலிகளுக்குப் பாடமும் ஏறவில்லை, ஆயுளும் நீளவில்லை. விஞ்ஞானிகள் பிடித்தவற்றை மட்டும் வைத்திருந்தால் இந்த முறை பலனளிக்கவில்லை என்று எழுதி ஆய்வை மூடியிருப்பார்கள். பலன் தெரிந்ததற்குக் காரணம், புல்லுக்குள் பதுங்கியதைப் பார்த்த அந்தக் கண்கள்.